மலையிறக்கமும் பின்சக்கரப் பிரேக்கும்

சேலத்தினின்று சேர்வராயன் மலையேறி ஏற்காடு சேரும் பெருவழியில் 20 கொண்டையூசி வளைவுகள் உள. விடுமுறைதோறும் அவற்றை எண்ணிக்கொண்டே ஏறுதலும், விடுமுறை கழிந்தபின் எண்ணிக்கொண்டே இறங்குதலும் எம் போன்ற மலையூர் மாணாக்கர்க்குப் பழகிய செயல்கள். எம் ஊர் ஏற்காட்டை அடுத்த கிளியூர். ஏறத்தாழ 300 அடி உயரத்தினின்று வீழும் அருவியால் வெளியூரார் அதனை அறிவர். அருவியைக் காண வருவோர் சரிவான சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு, அது தானே உருண்டு போகாதிருக்கும் பொருட்டுச் சக்கரத்தின்கீழ் வைக்கக் கல் தேடி அலைவதைக் கண்டு நகைத்து வளர்ந்தவர் யாம். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து மலையிறங்கிய நாளில் அந்நகை எம்மைவிட்டு நீங்கியது.

எம் தமையனாரிடம் மாருதி ஆல்டோ வண்டி ஒன்று உண்டு. பிறரிடமிருந்து பழைய வண்டியாக வாங்கியது; இரண்டாண்டுகளாக எம் குடும்பத்திற்கு உழைத்து வருவது. எம் அன்னையாரை மாதம் ஒருமுறை மருத்துவரிடம் காட்டச் சேலத்திற்கு அழைத்துச் செல்லுதற்கென்றே அது வாங்கப்பட்டது. அன்று அன்னையார் பின்னிருக்கையில் இருந்தார்; யாம் எம் பெட்டியுடன் முன்னிருக்கையில் இருந்தோம். தமையனார் வழக்கம்போல் நான்காம் கியரில் வண்டியை ஓடவிட்டு, பிரேக்கின்மேல் வைத்த காலை எடாமலே இறக்கிக்கொண்டு வந்தார். பாதிவழி கடந்தபின் கரிந்த நாற்றம் ஒன்று எழுந்தது. யாரோ சருகு கொளுத்துகின்றனர் என்று எண்ணினோம். அடுத்த வளைவில் பெடல் பஞ்சுபோல் மெத்தென்றாகித் தரைவரை தாழ்ந்தது. தமையனார் அதனைப் பலமுறை மிதித்தார், கைப்பிரேக்கை இழுத்தார், கியரைக் கீழிறக்கினார். வண்டி மலைப்பக்கத்து வடிகாலில் ஒரு சக்கரத்தை இறக்கி, பாறையிற் சிறிது உராய்ந்து நின்றது. எவர்க்கும் காயமில்லை. அன்னையார் ஒன்றும் பேசவில்லை. எம் தோளைப் பற்றிய அவர் கை மட்டும் நெடுநேரம் பிடி தளரவில்லை.

வியப்பு யாதெனின், அரைமணி நேரம் அங்கே காத்திருந்தபின் பெடல் பழையபடி உறுதியாகிவிட்டது. ஒன்றுமே நிகழாதது போல மிச்ச வழியையும் இறங்கினோம். இந்தச் சிறிய வியப்பிலேயே முழு விளக்கமும் அடங்கியிருந்தது என்பதை யாம் பின்னரே அறிந்தோம்.

சேலத்துப் பட்டறை ஒன்றில் வண்டியைக் காட்டியபோது அங்குள்ளோர் கூறிய மருந்து வேறு. "பின்னால் டிரம் பிரேக்கை வைத்துக்கொண்டா மலையிறங்குகிறீர்கள்? பெரிய வண்டிகளைப் போல நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் போட்டுவிடுங்கள், கவலை தீர்ந்தது" என்றனர். தமையனார் உடனே இசைந்தார். அச்சங்கொண்ட மனம் விலை உயர்ந்த மருந்தையே நம்பும். கேட்ட தொகையோ எம் ஓராண்டுக் கல்லூரிக் கட்டணத்தினும் மிகுதி. அன்னையாரின் மருந்துக்கென ஒதுக்கிய பணத்திற் கைவைத்தாலன்றி அது திரளாது. இவ்வாறு பின்சக்கர டிரம்மை நீக்கி டிஸ்க் பொருத்தும் ஆசை எம் வீட்டில் மட்டும் உள்ளதன்று. சிறுவண்டி வைத்திருக்கும் இளைஞர் பலரிடத்தும் காண்கின்றோம். எம் கருத்து இது: மலைப்பாதைக்கென இம்மாற்றத்தைச் செய்தல் வேண்டாத வேலை, பல சமயம் தீங்கும் பயக்கும். தமிழ் பயிலும் மாணாக்கன் யந்திர விஷயத்தில் வாய் திறப்பதென்னை என்று பௌதிகப் பகுதி நண்பர் வினவலாம். அவ்வண்டியில் இருந்தது எம் தாயாதலின் திறக்கின்றோம். கணக்கில் அந்நண்பர்களின் உதவியையும் பெற்றே எழுதுகின்றோம்.

முதலில் இரண்டின் இயல்பையும் சுருங்கக் கூறுவோம். டிரம் பிரேக்கில் சக்கரத்தோடு சுழலும் வட்டப்பெட்டி ஒன்று உண்டு. அதனுள்ளே பிறைபோல் வளைந்த இரு கட்டைகள் புறநோக்கி விரிந்து பெட்டியின் உட்சுவரை உரசி வேகத்தை அடக்கும். அக்கட்டைகளைத் தொழிலாளர் ஷூ என்பர். டிஸ்க் பிரேக்கில் சக்கரத்தோடு சுழலும் தகட்டை இரு பக்கத்தும் இடுக்கிபோற் பிடித்து நிறுத்துவர். டிரம் என்பதை முரசு எனத் தமிழாக்கலாம். டிஸ்க்கைத் திகிரி என்றால் சக்கரம் என்னும் பொருளும் உடன் வந்து குழப்பும். ஆதலின் பட்டறைச் சொற்களையே ஆளுகின்றோம், தமிழ்ப்பேராசிரியர் பொறுத்தருள்க.

இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே வயதின. பிரான்ஸில் லூயி ரெனோ டிரம் பிரேக்கைச் செப்பஞ் செய்தது 1902இல். இங்கிலாந்தில் பிரடெரிக் லாங்கெஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றதும் அதே 1902இல். ஆயின் லாங்கெஸ்டரின் கருவியில் உலோகம் உலோகத்தோடு உரசிக் காது பிளக்கக் கிறீச்சிட்டமையின் அது நெடுங்காலம் வழக்கேறவில்லை. டிஸ்க்கின் பெயரை உலகறியச் செய்தது 1953ஆம் ஆண்டு லே மான் நகரத்து 24 மணி நேரப் பந்தயம். அவ்வாண்டு டன்லப் டிஸ்க் பிரேக்குப் பூண்ட ஜாகுவார் வண்டி அங்கே வெற்றி பெற்றது. 1955இல் வந்த சிட்ரோயன் டிஎஸ் முதலிய வண்டிகள் அதனைப் பொதுமக்களிடம் கொணர்ந்தன. நம் நாட்டில் சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962இல் தோன்றியதன் பின் இவ்வகைக் கருவிகள் தமிழகத்திலேயே செய்யப்படலாயின.

பந்தயத்தை இங்குக் குறித்தது காரணம் பற்றியே. பந்தய வண்டி நேர்பாதையில் மிகுவேகமாய்ப் பாய்ந்து, வளைவை அணுகுந்தோறும் சடுதியில் வேகம் குறைக்கும். பின்னர் அடுத்த வளைவுவரை அதன் பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும். அவ்வோய்வில் காற்றுப்பட்டுத் தகடு ஆறும். மலையிறக்கமோ இதற்கு நேர்மாறானது. வேகம் மிகச் சிறிது. ஓய்வு என்பதே இல்லை. 1000 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதன்கண் உள்ள சக்தியும், அதே வண்டி மூன்றரை மீட்டர் உயரத்தினின்று இறங்கும்போது வெளிப்படும் சக்தியும் ஒன்றே. ஏற்காட்டினின்று அடிவாரத்துக்கு இறங்கும் செங்குத்துயரம் 1000 மீட்டருக்கு மேற்பட்டது. ஆயிரம் மீட்டர் என்றே கொள்ளினும், ஒருமுறை மலையிறங்குதல் 30 கிலோமீட்டர் வேகத்தினின்று ஏறக்குறைய 280 முறை வண்டியை நிறுத்துவதற்கு ஒப்பாம். அச்சக்தி முழுவதும் உஷ்ணமாக மாறினால், குழாய்த் தண்ணீர் 33 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொணரலாம். எம் விடுதிச் சமையலறையின் பெரிய அண்டாவை எண்ணிப் பார்த்தோம். காற்றும் சக்கரங்களின் உருளல் தடையும் அதில் ஒரு பங்கைத் தாமே கொள்ளும் என்பது மெய். எஞ்சிய பெரும்பங்கை யாரிடம் ஒப்படைப்பது என்பதே வினா. எஞ்சினிடம் ஒப்படைக்கலாம், பிரேக்கிடமும் ஒப்படைக்கலாம். எம் தமையனார் அன்று நான்காம் கியரில் இறங்கியதால் பெரும்பகுதியையும் பிரேக்கிடம் ஒப்படைத்தார். பின்சக்கரத்தில் டிரம் இருந்தாலென்ன, தகடு இருந்தாலென்ன, அண்டா அண்டாவே.

இனி, அன்று உண்மையில் தவறியது யாது? பெடலில் நாம் வைக்கும் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்வது பிரேக்கு எண்ணெய் என்று வழங்கும் திரவம். திரவம் அமுங்காது என்னும் ஒரே இயல்பினால் அது இப்பணியைச் செய்கிறது. ஆனால் அத்திரவத்துக்கு ஒரு குறை உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை அது ஆண்டுதோறும் சிறிது சிறிதாகப் பருகும். டாட் 3 என்னும் வகைத் திரவம் புதிதாயிருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதியாது, 3.7 சதவீதம் ஈரம் ஏறியபின் 140 டிகிரியிலேயே கொதித்தல் கூடும். டாட் 4 வகைக்கு இவ்வெல்லைகள் 230 டிகிரியும் 155 டிகிரியும் ஆம். மூடுபனி வீட்டினுள்ளேயே புகுந்து துணியை நனைக்கும் எம் மலையில் இத்திரவம் மட்டும் உலர்ந்திருக்கும் என்று எவ்வாறு எதிர்பார்ப்பது? கொதித்த திரவம் ஆவியாகும், ஆவி அமுங்கும், பெடல் பஞ்சாகும். உஷ்ணம் தணிந்தபின் ஆவி மீண்டும் திரவமாகிப் பெடல் உறுதி பெறும். அரைமணி நேர வியப்பின் மறை இதுவே. தமையனார் வண்டி வாங்கிய நாள்முதல் அத்திரவத்தை மாற்றியதேயில்லை. அதற்கு முன் வைத்திருந்தவர் எப்போது மாற்றினார் என்பதற்குக் குறிப்புமில்லை.

அத்திரவம் கொதித்த இடம் யாது என்பது இன்னும் முக்கியமானது. வண்டி வேகம் குறையும்போது பாரம் முன்னோக்கிச் சாயும். பேருந்து சடுதியில் நின்றால் நின்றுகொண்டிருப்போர் முன்னே தள்ளப்படுவது போன்றதே இது. எஞ்சினும் முன்னே அமைந்த சிறுவண்டியில், கடுமையாகப் பிரேக்கை அழுத்தும்பொழுது முன்சக்கரங்கள் ஏறத்தாழ நூற்றில் எண்பது பங்கு பாரத்தைத் தாங்க, பின்சக்கரங்களுக்கு இருபது பங்கே எஞ்சும். வண்டிக்கு வண்டி இவ்வளவு சிறிது மாறும். இறக்கத்தில் முன்சாய்வு இன்னும் மிகும். ஆகவே பெருவேலையும் பேருஷ்ணமும் முன்சக்கரங்களுடையன. ஆல்டோவின் முன்சக்கரங்களில் உற்பத்தியாளரே டிஸ்க் வைத்துள்ளார். அன்று கரிந்து நாறியதும், திரவத்தைக் கொதிக்கவைத்ததும் அம்முன் டிஸ்க்குகளே. டிஸ்க்கினால் நேர்ந்த இடரைப் பின்னால் இன்னும் இரண்டு டிஸ்க் வைத்து நீக்கலாம் என்பது, காய்ச்சல் கண்ட தம்பியை விட்டுவிட்டு அண்ணனுக்கு மருந்து புகட்டுவது போலும்.

அங்ஙனமாயினும் பின் பிரேக்கு வலியதாயிருந்தால் முன்பிரேக்குத் தவறியபோது அதுவேனும் காக்குமன்றோ என்று தமையனார் எம்மை வினவினார். நல்ல வினா, எமக்கும் இரண்டு நாள் விடை தோன்றவில்லை. விடை குழாய்களின் அமைப்பில் இருக்கிறது. முன்சக்கர இயக்கமுள்ள சிறுவண்டிகளிற் பெரும்பாலானவற்றில் திரவக்குழாய் இரு கிளையாய்க் குறுக்கே பிரியும். ஒரு கிளை முன் இடச்சக்கரத்தையும் பின் வலச்சக்கரத்தையும் சேரும், மற்றது முன் வலத்தையும் பின் இடத்தையும் சேரும். ஒரு கிளை அறுந்தால் மற்றது காக்கும்பொருட்டே இவ்வேற்பாடு. ஆனால் இரு முன்சக்கரங்களிலும் ஒருங்கே ஆவி தோன்றினால் இரு கிளைகளும் பஞ்சாகும். அப்பொழுது பின்சக்கரத்தில் வைரத்தகடே இருப்பினும் அதற்கு விசை சென்று சேராது. அந்நேரத்தில் உதவக்கூடியவை திரவத்தை நம்பாத இரண்டே. ஒன்று கியர், மற்றொன்று கம்பியால் இழுக்கும் கைப்பிரேக்கு. அன்று எம்மைக் காத்தவை அவ்விரண்டும் வடிகாலுமே. அக்கைப்பிரேக்கு வேலை செய்தது, மாற்றச் சொன்ன அதே பின்சக்கர டிரம்மிலேதான்.

கைப்பிரேக்கைப் பற்றி இன்னும் சிறிது கூறல் வேண்டும். மலைநாட்டார்க்கு இது உயிர்நாடி. டிரம்மினுள் சக்கரம் சுழலும் திசையிலேயே அழுந்தும் ஷூவைச் சுழற்சியே மேலும் உள்ளிழுத்து இறுக்கும். எனவே சிறுவிசை இழுப்பினும் பிடி பெரிதாம். வண்டி முன்னோக்கி உருள முயன்றால் ஒரு ஷூவும், பின்னோக்கி முயன்றால் மற்றொன்றும் இவ்வாறு தாமே இறுகுதலால் ஏற்றத்திலும் இறக்கத்திலும் டிரம் வண்டியை நன்கு நிறுத்தும். டிஸ்க்குக்கு இந்தத் தற்பிடிப்பு இல்லை. அன்றியும் சூடேறித் தடித்த தகட்டை இடுக்கிக்கொண்டு வண்டியை நிறுத்தினால், அது ஆறிச் சுருங்குங்கால் கம்பியின் பிடி தளர்தல் உண்டு. வண்டிக்காரன் தேநீர் பருகிக்கொண்டிருக்க வண்டி மெல்ல நகரத் தொடங்கும். டிஸ்க் வைத்து விற்கும் உற்பத்தியாளர் இதற்கெனத் தனியே கருவி அமைப்பர்; சிலர் தகட்டின் நடுவிலேயே கைப்பிரேக்குக்காகச் சிறு டிரம் ஒன்றை ஒளித்து வைப்பர். டிரம்மை வெறுத்து ஓடினோர் அதனை மீண்டும் உள்ளே அழைத்த கதை இது. பட்டறையில் வேறொரு வண்டியின் பகுதிகளைக் கொணர்ந்து பற்றவைப்போர் இவற்றையெல்லாம் எண்ணுகின்றனரா? எம் வண்டிக்கு விலை கூறியவரிடம் கைப்பிரேக்கு என்னாகும் என்று கேட்டோம். "அது எதுக்குத் தம்பி, கியரில் போட்டுவிட்டால் நிற்கும்" என்றார். கிளியூர் அருவிச் சாலையை அவர் கண்டதில்லை போலும்.

இவையெல்லாம் ஒருபுறமிருக்க, பெருந்தீங்கு மற்றொன்று உண்டு. பின்சக்கரங்களின் பாரம் சிறிதாகலின், அவற்றில் மிகுவிசை பட்டால் அவை சுழற்சி நின்று வழுக்கும். முன்சக்கரம் வழுக்கினால் வண்டி திருப்பத்துக்கு இணங்காது நேரே செல்லும், அது தீது. பின்சக்கரம் முதலில் வழுக்கினாலோ வண்டி தன் வாலை முன்னே கொணரச் சுழலும். அது மிகத் தீது. மழை நனைத்த கொண்டையூசி வளைவில் இரண்டாவது நிகழ்ந்தால் மீள்வது அரிது. இது கருதியே பின்சக்கரத்துக்குச் செல்லும் விசையைக் குறைக்கும் அடைப்பிதழ்களை உற்பத்தியாளர் அமைக்கின்றனர். அவையெல்லாம் அவ்வண்டியின் டிரம்முக்கென்றே அளந்து வைத்தவை. 2019 ஏப்ரலுக்குப்பின் நம் நாட்டிற் செய்யப்படும் கார்களில் ஏபிஎஸ் கட்டாயமானது. அதன் மின்மூளையும் அந்தந்த வண்டியின் பிரேக்கை அறிந்தே கணக்கிடுகின்றது. உறுப்பை மாற்றிவிட்டு மூளைக்கு அறிவியாமல் இருப்பது நன்றன்று. எம் ஆல்டோவோ ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டி. பின்சக்கரம் வழுக்கினால் தடுப்பார் எவருமில்லை.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிக் கடப்போம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலிற் குறித்தவற்றினின்று பதிவுச் சான்றிதழின் விவரங்கள் வேறுபடுமாறு வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. பிரேக்கின் வகை சான்றிதழில் எழுதப்படுவதில்லையே என்று வாதிப்போர் வாதிக்கட்டும்; விபத்து நேர்ந்தபின் அவ்வாதத்தைக் காப்பீட்டு நிறுவனத்தாரிடம் செய்துகொண்டிருக்கப் பொறுமை எமக்கில்லை.

டிஸ்க்கை யாம் பகைக்கின்றோம் என்று யாரும் கருதற்க. அது எளிதில் ஆறும். நீர் புகுந்தால் விரைவில் உலரும். தேய்ந்ததைக் கண்ணாற் பார்த்து மாற்றலாம். டிரம்மோ தொடர்ந்து சூடேறினால் விரிந்து ஷூவினின்று விலகிப்போகும். நீரில் மூழ்கி எழுந்தால் உலருமட்டும் பிடிக்காது. இவை டிரம்மின் மெய்யான குறைகள். நான்கு சக்கரத்திலும் டிரம் பூண்டிருந்த பழைய அம்பாஸடர், பத்மினி வண்டிகளுக்கு முன்சக்கரத்தில் டிஸ்க் வந்திருப்பின் அது பெருநன்மையாயிருக்கும் என்பதையும் ஒப்புகின்றோம். உற்பத்தியாளரே முழுவதும் எண்ணி நான்கிலும் டிஸ்க் வைத்தால் அதுவும் நன்றே. 2017இல் வந்த பலேனோ ஆர்எஸ் அவ்வாறு வந்தது. ஆனால் அதே பலேனோவின் பொதுவகைக்குப் பின்னே டிரம்மே போதும் என்று அவரே கருதினார் என்பதையும் நோக்குக. ஜெர்மனியில் வோக்ஸ்வாகன் நிறுவனத்தார் 2020 முதல் விற்கும் ஐடி 3, ஐடி 4 என்னும் மின்வண்டிகளுக்கும் பின்சக்கரத்தில் டிரம் பிரேக்கே. மின்மோட்டாரே வேகத்தைப் பெரிதும் அடக்கிவிடுதலின் பிரேக்குக்கு வேலை குறைவு. வேலையின்றி வெளியே திறந்துகிடக்கும் தகடு துருவேறும். மூடிய டிரம் துருவேறாது. பணக்குறைவினால் அவர்கள் இதனைச் செய்தார்கள் என்று எவரும் கூறார்.

எம் பெரியப்பா முன்னாளில் பாக்சைட்டு லாரி ஓட்டியவர். மேட்டூரிலிருந்த அலுமினியத் தொழிற்சாலைக்குச் சேர்வராயன் மலையினின்று அக்காலத்தில் பாக்சைட்டு கொண்டுசெல்லப்பட்டது. வழக்கை அவரிடம் கொண்டுசென்றோம். அவர் டிஸ்க் என்றும் டிரம் என்றும் ஒன்றும் பேசவில்லை. தமையனாரை நோக்கி, "எந்தக் கியரில் இறங்கினாய்?" என்று மட்டும் கேட்டார். தமையனார் விடை கூறத் தயங்கினார். "பத்து டன் கல்லை ஏற்றிக்கொண்டு நாங்கள் இறங்கினோம். எல்லாச் சக்கரத்திலும் டிரம்தான். ஏறின கியரிலேயே இறங்கு என்று எனக்கு வண்டி கொடுத்தவர் சொன்னார், அப்படியே இறங்கினேன். நீ உன் அம்மாவை வைத்துக்கொண்டு பெட்ரோல் மிச்சம் பிடித்தாயா?" என்றார். இன்றும் இம்மலையில் ஓடும் பேருந்துகளும் லாரிகளும் பெரும்பாலும் டிரம் பிரேக்குடையனவே. அவற்றின் ஓட்டுநர் இரண்டாம் கியரில் எஞ்சின் உறும நிதானமாக இறங்குவதை யாவரும் காணலாம்.

பெட்ரோல் மிச்சம் என்பது பெரியப்பாவின் குத்தல் மட்டுமன்று. தமையனாரின் உண்மையான நம்பிக்கை. இறக்கத்திற் சிலர் கியரை நீக்கி நியூட்ரலில் வண்டியை ஓடவிடுவர். அதனினும் துணிந்தவர் எஞ்சினையே நிறுத்திவிடுவர். இவர்கள் அறியாத ஒன்றை இங்கே அறிவிக்கின்றோம். இக்காலத்து எஞ்சின்களில் பெட்ரோலை அளந்து ஊற்றுவது மின்கருவி. கியரில் பூட்டிய வண்டி இறக்கத்தில் தானே எஞ்சினைச் சுழற்றும்போது, முடுக்கியினின்று காலை எடுத்துவிட்டால், அக்கருவி பெட்ரோலை அறவே நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டாலோ எஞ்சின் அணையாதிருக்கச் சிறிது சிறிதாக ஊற்றிக்கொண்டேயிருக்கும். ஆகவே இரண்டாம் கியரில் இறங்குவோனே பெட்ரோலை மிச்சம் பிடிப்பவன். எஞ்சினை நிறுத்தினவனோ பிரேக்குக்குத் துணைவிசை தரும் வெற்றிடத்தையும் இழப்பான். இரண்டு மூன்று மிதிக்குப்பின் பெடல் கல்லாகும். கார்புரேட்டர் காலத்துச் சிக்கனம் பிள்ளைகள் கையில் விபத்தாகத் தங்கிவிட்டது.

பட்டறைக்காரர்மேல் எமக்குச் சினமில்லை. தம் கையில் உள்ள சரக்கையே யாரும் விற்பர். ஆயின் "எந்தக் கியரில் இறங்கினீர்கள்? எண்ணெய் எப்போது மாற்றினீர்கள்?" என்னும் இரு வினாக்களை அவர் கேட்கவில்லை என்பதே எம் முறையீடு. அவ்வினாக்களுக்கு விலையில்லை, ஆதலின் அவை விற்கப்படுவதில்லை.

முடிவில் யாம் செய்தது இது. வேறொரு பட்டறையில், மூடியில் எழுதியிருந்த வகையே பார்த்துத் திரவம் முழுவதையும் மாற்றினோம். வெளிவந்த பழைய திரவம் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தது. புதியதோ வெளிர்த்தேன் போன்றிருந்தது. கரிந்து கண்ணாடிபோல் பளபளத்த முன் பேடுகளை நீக்கிப் புதியன பூட்டினோம். பின் டிரம்முகளைத் திறந்து தூசி போக்கி, தேய்ந்த ஷூக்களை மாற்றி, கைப்பிரேக்குக் கம்பியை இறுக்கினோம். எல்லாவற்றுக்கும் ஆன செலவு, டிஸ்க்குக்குக் கேட்ட தொகையில் ஒரு சிறுபகுதியே. மாசி மாதத்தில் அன்னையாரை மீண்டும் இறக்கினோம், இரண்டாம் கியரில். பின்னால் வந்த சுற்றுலா வண்டிகள் பொறுமையிழந்து ஒலி எழுப்பின, ஒதுங்கி வழிவிட்டோம். அடிவாரத்தில் நிறுத்தி முன்சக்கரத்தருகே கையை நீட்டிப் பார்த்தோம், சூடிருந்தது, நாற்றமில்லை. தமையனார் முழுவதும் மனம் மாறினார் என்று சொல்வதற்கில்லை. நான்கு சக்கரத்திலும் தகடு மின்னும் வண்டி எதிர்ப்பட்டால் இன்றும் கழுத்தைத் திருப்பி நோக்குகின்றார். அழகுக்காக நோக்குவதை யாம் தடுக்கவில்லை.

சென்ற விடுமுறையில் உறவினரை அருவிக்கு அழைத்துச் சென்றபோது தமையனார் சரிவில் வண்டியை நிறுத்தினார், கைப்பிரேக்கை இழுத்தார், முதற்கியரிற் பூட்டினார். பின்னர் இறங்கி எம்மை நோக்கி, "தம்பி, ஒரு கல் எடுத்து வா" என்றார். முட்டுக்கட்டை என்னும் சொல் இடையூறு என்றே பொருள்படும் இக்காலத்தில் அதன் முதற்பொருளைக் கையில் ஏந்திக்கொண்டு யாம் திரும்பி வந்தோம். சாலையோரத்தில் நின்ற இரண்டு உள்ளூர்ச் சிறுவர் எம்மைக் கண்டு நகைத்தனர்.